‘மொத்தம்’ என்று ஒட்டிய டம்ளர்

என் மகள் பிளஸ் டூ படித்த வருஷம் நான் அவளுக்குக் கம்ப்யூட்டராக இருந்தேன். சொன்னால் சிரிப்பார்களே என்று இத்தனை நாள் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் எழாது. எழுதும்போது எதிரில் ஆள் இல்லை, அதனால் கொஞ்சம் தைரியம். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள்; தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது தொண்ணூறுகளில் நடந்தது. துடியலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. வீட்டை ஒட்டி என் வீட்டுக்காரருக்கு லேத்துப் பட்டறை. பம்புசெட்டுக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுப்பார். பின்னால் இருந்த நிலத்தில் மழையை நம்பிக் கடலைக்காய் போடுவோம்.

மகள் பத்தாவது முடித்ததும், காமர்ஸ் குரூப் எடுத்தால் பட்டறைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். அவளோ கம்ப்யூட்டர் குரூப்தான் என்று நின்றாள். அவர் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

“நீயே புடிச்சது அம்மணி. அதுல பாஸ் பண்ணுனீனா காலேஜுக்கு நானே கூட்டீட்டுப் போறேன். கோட்டை உட்டீனா பட்டறைக் கணக்குத்தான். அப்பறம் அழுகக் கூடாது.”

“அழுக மாட்டனுங்கப்பா.”

பிளஸ் டூவில் காலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு கம்ப்யூட்டர் டீச்சருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. போய்விட்டார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. “புஸ்தகம் இருக்குதல்ல, நீங்களே படிச்சுக்கங்க” என்று பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையான பெரிய டீச்சர் சொல்லிவிட்டாராம். கம்ப்யூட்டர் ரூமுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சனிக்கிழமை மட்டும் பெரிய டீச்சரே திறந்துவிட்டு, ஏதாவது உடைந்துவிடுமோ என்ற பயத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். ஒரு மிஷினுக்கு நாலைந்து பிள்ளைகள். தொட்டுப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும்.

அன்றைக்கு வந்து இதைச் சொன்னவள் அழவில்லை. அழமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாளே. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து பழைய காலண்டர் அட்டையில் கட்டம் கட்டமாக எழுத்துகளைப் போட்டு அதன்மேல் விரல் வைத்துத் தட்டிப் பழகினாள். புத்தகத்தைச் சத்தமாகப் படித்தாள். ஆனால் புரோகிராம் எழுதினால், அது சரியா தப்பா என்று ஓட்டிப் பார்க்க மிஷின் வேண்டும். அதற்கு எங்கே போவது?

கார்த்திகையில் கடலைக்காய் பறித்து, காயவைத்து, வீட்டுக்குள் கொட்டியிருந்தோம். நான் உட்கார்ந்து சொத்தைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய் எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து வந்து, சோற்றுப் பருக்கையால் சீட்டு ஒட்டினாள். ஒன்றில் ‘மார்க்’, ஒன்றில் ‘வரிசை’, ஒன்றில் ‘மொத்தம்’.

“அம்மா, நீங்கதான் கம்ப்யூட்டருங்க.”

“எனக்கென்ன கண்ணு தெரியும்?”

“ஒண்ணுந் தெரியாதுல்லங்க? அதுதான் வேணும். அதுக்கும் ஒண்ணுந் தெரியாது. சொன்னத மட்டும் செய்யும்.”

எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் எழுதியதை வரிவரியாகப் படிப்பாள். ‘மார்க் டம்ளரில் மூன்று போடு.’ போடுவேன். ‘மார்க் டம்ளரில் எத்தனை இருக்கிறதோ அத்தனையை எடுத்து மொத்தத்தில் சேர்.’ சேர்ப்பேன். முதலில் எனக்குக் கை நிற்கவில்லை. அவள் சொல்வதற்கு முன்னால் நானே ஒரு படி மேலே செய்துவிடுவேன். விருந்தாளி கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துப் பழகிய கை.

“அம்மா, மனசுல நெனைச்சுச் செய்யக் கூடாதுங்க. நான் தப்பாச் சொன்னா தப்பாவே செய்யோணும்.”

அப்படியே செய்தேன். ஒருநாள் ‘ஒன்று போடு, மறுபடியும் மேலே போ’ என்று எழுதியவள், எப்போது நிறுத்துவதென்று எழுத மறந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். நான் போட்டுக்கொண்டே இருந்தேன். டம்ளர் நிறைந்து தரையெல்லாம் கடலைக்காய். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்ன அம்மணி இது, பரீச்சைக்குப் படிக்கற புள்ளைய வெச்சுக்கிட்டுப் பல்லாங்குழியா ஆடறீங்க?”

“நிறுத்துன்னு சொல்லலைங்க அக்கா” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு நாள், பட்டறையிலிருந்து வந்தவர் ‘மொத்தம்’ டம்ளரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அப்பா! அதுதானுங்க விடை! விடையத் தின்னுபோட்டீங்களே!”

“அட கெரகமே! விடைன்னு எனக்கெப்படித் தெரியும்? நல்லா முத்துன விடையா இருந்துச்சே!” என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பிள்ளைகளின் மார்க்கைத் தனித்தனியாகக் கூட்டும் புரோகிராம் எழுதினாள். ஒரு பிள்ளைக்குக் கூட்டிச் சொன்னதும் ‘மொத்தம்’ டம்ளரைக் காலி செய்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போக வேண்டும். முதல் பிள்ளைக்குச் சரியாக வந்தது. இரண்டாவது பிள்ளைக்கு ஒன்று அதிகமாக வந்தது. மூன்றாவதுக்கும் ஒன்று அதிகம்.

அவள் எழுதியதை மாற்றினாள், அடித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். மறுபடியும் அதே ஒன்று. மாடு கறக்கும் நேரமாகிவிட்டது. புத்தகத்தை வீசிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அப்பாவுக்குத் தெரியாமல்தான்.

“எனக்கு வராதுங்கம்மா. டீச்சர் இருந்திருந்தா எங்க தப்புன்னு காட்டியிருப்பாங்க.”

“இன்னொருக்கா சொல்லு கண்ணு. நான் செய்யறேன்.”

இந்தத் தடவை அவள் தாளைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ‘மொத்தத்தைக் காலி செய்’ என்றதும் டம்ளரைச் சாய்த்துக் கொட்டினேன்.

“நில்லுங்க. அதுல என்னமோ இருக்குது.”

“ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு.”

“காலி பண்ணச் சொன்னனுங்களே!”

“முழுசா எப்படிக் காலி பண்றது? அரிசிப் பானையாகட்டும் உப்பு ஜாடியாகட்டும், வழிச்சுத் தொடைப்பாங்களா? ஒண்ணாவது இருக்கோணுமல்ல.”

அவள் என்னைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலைக்காய் மேலேயே சாய்ந்துவிட்டாள். அவள் எழுதியதில் தப்பே இல்லை. அந்த ஒரு காய்தான்.

மாசி மாதம் செய்முறைப் பரீட்சை. வேறு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சார் வந்து மார்க் போடுவார். அவள் கூப்பிட்டாள் என்று நானும் போனேன். பட்டுச்சேலை கட்டட்டுமா என்று கேட்டதற்கு, கல்யாணமாங்க என்றாள். கம்ப்யூட்டர் ரூம் வாசலில் பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். அவளுக்கு வந்த கேள்வியும் பல பேருக்குத் தனித்தனியாகக் கூட்டுவதுதான். மிஷினில் ஓட்டிப் பார்த்தால் முதல் ஆளுக்குச் சரி, அடுத்த ஆளுக்கு எங்கேயோ போகிறது. சார் பின்னால் வந்து நின்றுவிட்டார். நேரம் ஓடுகிறது. சொல்லித்தர யாருமில்லாமல் படித்ததெல்லாம் இங்கேயே போய்விடும் போல இருந்ததாம். அப்போது, முதல் ஆளுக்குச் சரி, ரெண்டாவது ஆளுக்கு அதிகம், இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தாளாம். என் கை ஞாபகம் வந்ததாம். டம்ளரில் பழசு மிச்சம் இருக்கிறது! மொத்தத்தைக் காலி செய்து சைபராக்குகிற வரியை ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் போட மறந்திருந்தாள். அதை ஒவ்வொரு ஆளுக்கும் முதலில் வருகிற மாதிரி உள்ளே இறக்கிப் போட்டாள். சரியாக வந்துவிட்டது.

“இங்க ஏன் சைபர் போட்டே?” என்று சார் கேட்டாராம். புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொன்னவள், வாய் சும்மா இல்லாமல் டம்ளர் கதையையும் சொல்லிவிட்டாள்.

பரீட்சை முடிந்து அவரும் பெரிய டீச்சரும் வெளியே வந்தார்கள். பின்னாலேயே இவள். நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன்.

“சார், இதுதானுங்க எங்கம்மா.”

“ஏனுங்கம்மா, ஊட்ல கம்ப்யூட்டர் நீங்கதான்னு பொண்ணு சொல்லுச்சுங்க. நெசந்தானுங்களா?”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் மகள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னை ஏதோ கலெக்டரைக் காட்டுவது போலக் காட்டிக்கொண்டு நின்றாள். பேசாமல் வந்தால் அவளுக்குக் குறையல்லவா?

“ஆமாங்க சார். மொதல்ல மிச்சம் வெச்சுப்போட்டனுங்க. அப்பறம் சுத்தமாக் கவுத்தப் பழகிட்டனுங்க.”

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. “எங்க பள்ளிக்கூடத்துல பத்து மிஷின் இருக்குதுங்க. ஒண்ணுகூட இப்படிச் சொல்லித் தரலீங்க” என்றார். பெரிய டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார். துணி போர்த்தி, பெட்டி மாதிரி சாதுவாக இருந்தது. இதற்காகவா இத்தனை பயந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று என் வீட்டுக்காரர் விடியவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வந்துவிட்டார். அவள் நம்பர் இருந்தது. பிறகு மார்க் வந்தபோது, எல்லாப் பாடத்தையும்விட கம்ப்யூட்டரில்தான் அதிகம். மார்க் ஷீட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய், லேத்து ஓட்டுகிறவர்களிடமெல்லாம் காட்டினார். எண்ணெய்க் கை பட்டுவிடும் என்று யாரையும் தொடவிடவில்லை. சொன்னபடி அவரே காலேஜுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்தார். பட்டறைக் கணக்கை அவரே எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் பட்டறைக்கு யார் வந்தாலும் வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுப்பார்.

“ஏனுங்க கம்ப்யூட்டரு, ரெண்டு டீ கெடைக்குங்களா?”

எனக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் இனிக்கவும் செய்யும். ஒருநாள் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். வந்தவருக்குச் சர்க்கரை போட்டிருந்தேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“சக்கரை எங்க?”

“போடுன்னு சொல்லலைங்களே” என்றேன், வேற்று ஆள் இருக்கும்போதே.

வந்தவர் சிரித்துவிட்டார். இவர் அந்த டீயை முழுசாகக் குடித்து, டம்ளரை என்னிடம் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு மிச்சமில்லை.