நாற்காலிக்குப் பின்னால் தீர்த்தகிரி

"ரசத்துக்குக் குழி பறிச்சுட்டாரு. இன்னும் ஆறே நிமிசங்க சார், இவர் பின்னாலயே நில்லுங்க" என்று கல்யாணப் பந்தியில் என் காதோரம் சொல்லிவிட்டு, தீர்த்தகிரி தனக்கொரு நாற்காலி தேட அடுத்த வரிசைக்குப் போனார். ஆறாவது நிமிடம் என் ஆள் இலையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

தீர்த்தகிரிக்குப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. எனக்குப் பக்கத்து வீடு. பஸ்ஸைப் பற்றி அவர் சொல்லும் நேரம் முன்னே பின்னே இருக்கும். பந்தியைப் பற்றிச் சொன்னால் மாறாது. சாப்பிடுகிறவரின் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. "தோளப் பாருங்க. தோள் எறங்கிருச்சுன்னா வயிறு ரொம்பிருச்சு. சாஞ்சு உக்காந்து கத பேசற ஆளு பின்னால மட்டும் நின்னுராதீங்க, அது கெளம்பாத வண்டி."

ஆனால் நாகரிகம் தெரிந்தவர். சிலரைப் போல நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தொங்க மாட்டார். ஒரு சாண் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "நாம நிக்கிறது அவருக்குத் தெரியணும். மூச்சு மட்டும் மேல படக்கூடாதுங்க." உட்கார்ந்தாலும் அப்படியே: முழங்கை விலாவை விட்டு விலகாது. பக்கத்து இலைக்காரர் எவ்வளவு அகலமாக உட்கார்ந்து சாப்பிட்டாலும் இவர் ஒடுங்கிக்கொள்வார்.

போன ஆவணியில் கம்பைநல்லூரில் அவருடைய உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். அவர்கள் அழைத்து நானும் போயிருந்தேன். தீர்த்தகிரி வழக்கம்போல ஒரு முதுகைத் தேர்ந்தெடுத்து நின்றார். மோருக்காக அந்த முதுகு திரும்பியது. அவருடைய அண்ணன் மாதையன்!

மூன்று வருஷமாகப் பேச்சில்லை. தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அண்ணன் நேரில் வந்து வைக்காமல் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். தம்பி கல்யாணத்துக்குப் போகவில்லை. அதோடு சரி. இப்போது அண்ணன் தம்பியைப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குத் திக்கென்றது. "வாங்க, அந்தப் பக்கம் போயிரலாம்" என்று சட்டையை இழுத்தேன்.

"இப்ப நகந்தா, என் மூஞ்சியப் பாத்துட்டுப் போயிட்டான்னு அண்ணன் நெனைக்குங்க. அப்புறம் சாவற வரைக்கும் பேசாது."

"அப்போ நில்லுங்க."

"நின்னா, சீக்கிரம் எந்திரின்னு வெரட்டற மாதிரி இருக்குங்களே."

மண்டபமே பார்ப்பது போலிருந்தது. அத்தனை பந்தி கண்ட மனிதர், என்ன செய்வதென்று தெரியாமல், எந்த நாற்காலியையும் தொடாத அந்தக் கையால் அண்ணனின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். பாவமாக இருந்தது.

மாதையன் மோர்ச் சோற்றை முடித்தார். இலையை மடித்தார். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போய்விட்டார். இவர் மட்டும் எழவில்லை. திரும்பிப் பார்க்காமலே, காலியான அந்த நாற்காலியை இடது கையால் வெளியே இழுத்தார்.

"உக்காரு."

தீர்த்தகிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் புது இலை போட்டார். எச்சில் இலை எடுக்கும் அம்மா வந்து அண்ணனின் இலைக்குக் கை நீட்டினார்.

"இரும்மா" என்று தடுத்த மாதையன், மடித்த இலையைப் பிரித்து வைத்தார். "எனக்கும் கொஞ்சம் சோறு போடுப்பா."