நான்கு முதல் ஏழு வரை

கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறவனுக்குத் தன் பயத்தை மாணவர்கள் பார்க்காமல் மறைப்பதுதான் முழுநேர வேலை. அந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாக, கணிதப் பட்டத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

பஞ்சு

என் மாணவி செல்வி, ஒரு நூல் மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் இருந்தார். ஷிப்ட் முடிந்து இருமிக்கொண்டே வகுப்புக்கு வருவார். இனி பஞ்சுக்குள் வேலை பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மில் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்க ஓர் ஆள் தேவை. எங்கள் தேர்வில் முதலாவதாக வருபவருக்கு அந்த வேலை என்று பேச்சு. அதற்காகத்தான் சேர்ந்தார்.

பஞ்சு மிஷினுக்கு ஆகாது, தலையைத் தட்டிவிட்டு உள்ளே வா என்றார் எங்கள் முதலாளி. செல்வி வாசலில் நின்று தட்டிக்கொண்டே சொன்னார்: "மிசினுக்கு ஆகலைன்னா ஏசி ரூம்ல வச்சுக்கிடுதிய. எனக்குந்தான் ஆகலை, யாரு கேக்கா?"

ஒற்றை இடம்

எந்த எண்ணையும் ஒன்று, பூஜ்யம் இரண்டால் மட்டுமே எழுதுவது பைனரி. அதை வலது ஓரத்திலிருந்து எண்ணி, ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றை இடத்து இலக்கங்களை மட்டும் பிரித்துச் சேர்த்தால் இன்னோர் எண் கிடைக்கும். ஆறு என்பது 110. முதல் இடமும் மூன்றாம் இடமும் சேர்ந்தால் 10, அதாவது இரண்டு. இப்படி ஒவ்வோர் எண்ணுக்கும் செய்தால் ஒரு வரிசை வரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராமும் எழுதிப்போட்டு ஒரு மணி நேரம் நடத்தினேன்.

எல்லாரும் என் புரோகிராமை அப்படியே எழுதிக்கொண்டார்கள். செல்வி மட்டும் எழுதவில்லை. "ஒண்ணு விட்டு ஒண்ணு பொறுக்கணும், அம்புட்டுத்தானே சார்? இதுக்கா இம்புட்டு நேரம் பயங்காட்டுனீய?"

விடை

தேர்வில் ஒன்று முதல் பதினைந்து வரை அந்த வரிசையைக் கேட்டிருந்தேன். மற்றவர்கள் என் புரோகிராமை மனப்பாடமாக அடித்தார்கள். செல்வி சொந்தமாக எழுதினார். என் புரோகிராம் தந்த விடையோடு அவர் விடை பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஃபெயில் போட்டேன்.

பேப்பரோடு மேஜைக்கு வந்தார். "பத்துக்கு சைபர்தானே சார் வரணும்? ஒங்களுக்கு மூணு வந்திருக்கு." முதலாளி பக்கத்தில் இருந்தார். கம்ப்யூட்டர் தப்புப் போடாது என்று சொல்லிவிட்டேன். பேப்பரை மடித்துக்கொண்டார். "அப்ப எனக்குத்தான் தப்பாத் தெரியுது போல."

பஸ்

பத்து நாள் கழித்து, பஸ்ஸில் உட்கார்ந்து கையால் போட்டுப் பார்த்தேன். பத்து என்பது 1010. வலமிருந்து ஒற்றை இடங்கள் இரண்டும் பூஜ்யம். செல்வி சரி. என் புரோகிராம் இடது ஓரத்திலிருந்து எண்ணியிருந்தது. தேர்வுக்கு முன்பு நான் சரிபார்த்தது நான்கு முதல் ஏழு வரை மட்டும். பைனரியில் அவை மூன்று இலக்க எண்கள். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஒரே விடைதான் வரும்.

முதலாளியிடம் சொன்னேன். "மில் வேலைக்கான ஆர்டர் இன்னொருத்தன் கைக்குப் போயிருச்சு தம்பி. இப்பப் போயி நாமளே தப்புன்னா, நாளைக்கு எவன் படிக்க வருவான்?"

மில் வாசல்

ஷிப்ட் விடும்போது போய் நின்றேன். என் தப்பு என்று செல்வியிடம் சொன்னேன். அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அன்னைக்கே பத்தை மட்டும் கையால போட்டுப் பாத்திருந்தா, செத்த நேரந்தானே சார் ஆயிருக்கும்?"

அதன் பிறகு எந்த விடைத்தாளையும் ஒன்றிலிருந்து கடைசிவரை கையாலேயே போட்டுப் பார்க்கிறேன். பேப்பரோடு மேஜைக்கு வந்து கேட்பவர்தான் யாருமில்லை.