மூன்று செயின், மூன்று லூப்: புழுதிக் காலத்தில் ஜவ்வாது மலையைச் சுற்றி

இந்தப் பயணத்துக்குக் காரணம் இரண்டு. முதலாவது என் கொழுந்தன் முரளியுடையது. அவனுக்குச் செயின் லூப் பைத்தியம், அதாவது செயினுக்குப் போடும் மசகெண்ணெய்ப் பைத்தியம். மற்றவர்கள் ஜவுளிக்கடையில் நிற்பதுபோல அவன் சைக்கிள் கடையில் சின்னச் சின்ன பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பான். மண் பறக்கும் நம் வட மாவட்டச் சாலைகளுக்கு எந்த லூப் நல்லது என்று எங்கள் சைக்கிள் குழுவில் கேட்டால் பத்துப் பேர் பதினோரு பதில் சொல்கிறார்கள், நாமே ஓட்டிப் பார்த்துவிடலாம் அண்ணி என்று ஜனவரி முழுக்க என் காதைக் குடைந்தான்.

இரண்டாவது காரணம் என்னுடையது. பதினான்கு மாதத்துக்கு முன் ஏலகிரி ஏற்றத்தில் என் செயின் அறுந்தது. எழுந்து நின்று முழு எடையும் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தேன். காலுக்கடியில் இருந்த பிடி சட்டென்று காணாமல் போனது, அடுத்த நொடி தார் ரோட்டில் கிடந்தேன். இடது காறை எலும்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. செயினிலிருந்து லேசாகக் கிறீச்சென்று கேட்டால் போதும், என் வலது கால் தானாக மிதிப்பதை நிறுத்திவிடும். ஏற்றத்தில் கால் நின்றால் அப்புறம் இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிக்கொண்டே இருந்தேன். வெட்கமாக இருந்தது, என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. போதும், சைக்கிளை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நான் திருப்பத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். அதே பள்ளியில் அறிவியல் எடுக்கும் ரவி சார் வண்டியைக் கேட்டார். தொப்பையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து மிதியைக் கையால் சுற்றிவிட்டு, குனிந்து காது கொடுத்துக் கேட்டார். "எனக்கு இந்த சத்தம்தான் மேடம் ஆகாது. நாள் பூரா பசங்க சத்தம். காலைல அரை மணி நேரமாச்சும் நிம்மதியா இருக்கணும்" என்றார். பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. எங்கள் பயணம் அதே சனி, ஞாயிறு. ஜவ்வாது மலையையும் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன் என்றால் வண்டி ரவி சாருக்கு. தள்ளாமல் ஏறிவிட்டால் பார்க்கலாம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது ஆள் பர்வீன். வாணியம்பாடியில் உடற்கல்வி ஆசிரியை, ஏற்றத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற ரகம். இப்படிப்பட்டவர்களோடு போனால் ஒன்று நமக்கும் தெம்பு வரும், இல்லையென்றால் கல்லெடுத்து அடிக்கத் தோன்றும். எனக்கு இரண்டும் உண்டு.

இனி செயின் விஷயம். மூன்று வண்டியிலும் ஒரே கம்பெனியின் புதுச் செயின். வியாழக்கிழமையே கழற்றி டீசலில் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டோம். புதுச் செயினில் தொழிற்சாலை தடவி அனுப்பும் பிசுக்கு போனால்தான் எந்த லூப்பும் உள்ளே இறங்கும் என்றான் முரளி. பிறகு சீட்டுக் குலுக்கினோம். மழைக்காலத்துக்கென்று விற்கும் கெட்டி எண்ணெய் (350 ரூபாய்) முரளிக்கே விழுந்தது. வறண்ட காலத்துக்கென்று விற்கும் மெல்லிய லூப் (480 ரூபாய்) எனக்கு. பால் மாதிரி வெள்ளையாக ஊற்றினால் காய்ந்து மெழுகாகும் லூப் (1,100 ரூபாய்) பர்வீனுக்கு. மெழுகு உறைய ஒரு இரவு முழுதும் வேண்டும், ஆகவே வெள்ளி காலையிலேயே போட்டுவிட்டோம்.

"நடுவுல யாரும் கை வைக்கக் கூடாது அண்ணி. இடையில ஊத்துனா டெஸ்ட்டுக்கு இன்னா மதிப்பு?" என்று முரளி சட்டம் போட்டான்.

சனிக்கிழமை காலை 5.40க்குத் திருப்பத்தூரில் கிளம்பினோம். சிங்காரப்பேட்டை, செங்கம், கடலாடி என்று மலையின் அடிவாரத்தைச் சுற்றிப் போளூர் போவது முதல் நாள் கணக்கு. என் மீட்டரில் 84 கி.மீ. செங்கம் வரை சாலை வழவழவென்று இருந்தது. செங்கத்தில் 8.15க்கு இட்லி, வடை, டீ, மூன்று பேருக்கும் 190 ரூபாய். அதைத் தாண்டிச் சில கிலோமீட்டர் சாலை வேலை நடக்கிறது. லாரி ஒன்று போனால் முன்னால் போகிற பர்வீன் மறைந்துவிடுவாள், பாட்டு மட்டும் கேட்கும். பல்லில் நறநறவென்று மண். டெஸ்ட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று முரளிக்கு ஒரே குஷி.

கடலாடி தாண்டியதும் இன்னும் நல்ல இடம் கிடைத்தது. சாலையில் பாதி அகலத்துக்குக் கொள்ளுச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் இது வழக்கம்தான். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் காய் உடைந்து கொள்ளு உதிரும், ஆள் வைத்து அடிக்க வேண்டியதில்லை. ஓரத்தில் துடைப்பத்தோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒதுங்கிப் போகப் பார்த்தோம்.

"இன்னாத்துக்கு ஒதுங்கிப் போறீங்க? மேல ஏத்திப் போங்க" என்றார்.

ஏற்றினோம். திரும்பிப் பார்த்தால் செடி அப்படியே கிடக்கிறது.

"இன்னாமா வண்டி இது, இவ்ளோ லேசா கீது. இதுல ஏறுனா ஒரு கொள்ளு கூட உதிராது போல" என்று அவர் சிரித்தார். "நாலு வாட்டி சுத்தி வாங்க. மோரு தர்றேன்."

மோருக்கு ஆசைப்பட்டு நாலு வாட்டி சுற்றினோம். பலன், கொள்ளு ஒரு கைப்பிடிகூட உதிரவில்லை, சருகும் தூசியும் செயினுக்கு வந்து சேர்ந்தன. முரளியின் எண்ணெய்ச் செயினைப் பார்த்தால் எள்ளுருண்டை மாதிரி இருந்தது. என்னுடையதில் அங்கங்கே ஒட்டியிருந்ததை ஊதினால் பாதி பறந்தது. பர்வீன் செயினில் ஒட்டவே இல்லை. அந்த அம்மா சொன்ன வாக்குத் தவறாமல் ஆளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். அப்படி ஒரு மோரை நான் சமீபத்தில் குடிக்கவில்லை.

மதியம் 1.10க்குப் போளூர். விடுதியில் இரண்டு அறை, ஒன்று 900 ரூபாய். சாயங்காலம் முரளி வெள்ளைத் துணியால் மூன்று செயினையும் ஒரு சுற்று துடைத்தான். அவனுடைய துணி கறுப்பு, தடவிப் பார்த்தால் நறநறத்தது. என்னுடையது சாம்பல் நிறம். பர்வீனுடையது லேசான அழுக்கு, அவ்வளவுதான். நான் மெழுகை மெச்சிக்கொண்டிருக்கும்போதே அவன் தேய்மானம் பார்க்கும் தகட்டை எடுத்து மூன்று செயினிலும் நுழைக்கப் பார்த்தான். எதிலும் நுழையவில்லை.

"நுழையலன்னா செயின் நல்லாக்கீதுன்னு அர்த்தம் அண்ணி. பயப்படாம ஏறுங்க."

ஏலகிரியில் அறுந்த செயினில் இதே தகடு தொபுக்கென்று உள்ளே விழுந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. 

ஞாயிறு 5.30க்கே கிளம்பினோம். அத்திமூர் வழியாக அடிவாரம் வரை ஒரு மணி நேரம், பிறகு ஏற்றம். இந்தச் சாலையைப் பற்றி என்ன சொல்வது. இவ்வளவு அழகான ஏற்றம் பக்கத்திலேயே இருக்க, நாம் ஏன் ஊட்டி, கொடைக்கானல் என்று ஓடுகிறோம் என்று தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கீழே வயலும் ஏரியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகின்றன. மூங்கில், அதற்கு மேல் புளிய மரங்கள், அடியில் உலுக்கிப் போட்ட புளி. காற்றில்கூட லேசான புளிப்பு. சரிவும் நியாயமான சரிவு, மூச்சு வாங்க வைக்கிறது, நாக்குத் தள்ள வைப்பதில்லை.

பாதி ஏற்றத்தில், மீட்டரில் இரண்டு நாளும் சேர்த்து 105 கி.மீ. ஆனபோது, என் செயின் ஆரம்பித்தது. முதலில் எலிக்குஞ்சு மாதிரி. அடுத்த வளைவுக்குள் நன்றாகவே கிறீச், கிறீச். வலது கால் நின்றுவிட்டது. இறங்கிவிட்டேன். உள்ளங்கை வேர்த்து, கைப்பிடி வழுக்கியது. அழுகைதான் வரவில்லை. சாயங்காலம் ரவி சார் வருவார், கொடுத்துவிடலாம், தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

முன்னால் போன முரளி திரும்பி வந்தான். கேட்காமலேயே பையிலிருந்து கெட்டி எண்ணெய் பாட்டிலை எடுத்தான்.

"ரூல்ஸ் கெடக்குது அண்ணி. ரெண்டு சொட்டு விட்டா கம்முன்னு ஆய்டும்."

பாட்டிலைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஏலகிரியில் என் செயின் ஒரு முனகல்கூடப் போடவில்லை. கடையில் கொடுத்த இதே மாதிரி எண்ணெயை வாரம் இரண்டு முறை குடித்த செயின் அது. உள்ளே மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அதை அரைத்துக்கொண்டிருந்தன, வெளியே பரம சாது. அறுந்த நொடி வரைக்கும் கம்மென்றுதான் இருந்தது. இவ்வளவு நாளும் நான் சத்தத்துக்குப் பயந்திருக்கிறேன். என்னைத் தள்ளியது சத்தம் இல்லாத செயின்.

"வேணாம் முரளி" என்றேன். "கம்முன்னு இருந்ததுதான்டா அன்னிக்கு அறுந்துச்சு. இது கத்தட்டும். நேத்து நீதானே தகடு வச்சுப் பார்த்தே."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், பர்வீன் அவன் தோளில் தட்டினாள். "வுடு முரளி. அக்கா போகட்டும்."

ஏறி மிதித்தேன். சத்தம் என்றால் சத்தம், அப்படி ஒரு சத்தம். பாறைமேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் எழுந்து நின்று பார்த்தன. ஒவ்வொரு கிறீச்சுக்கும் கால் ஒரு கணம் தயங்கியது, ஆனாலும் மிதித்தது. இரண்டு வளைவு தாண்டியதும், புளி மூட்டை கட்டிய மொபெட்டில் ஒருவர் எங்களை முந்திப் போனார். போகிற போக்கில், "யம்மா, வூட்ல எண்ணெ இல்லியா?" என்று கத்திவிட்டுப் போனார். நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்தபோதுதான் கவனித்தேன், அந்த நேரம் முழுக்கக் கால் நிற்கவே இல்லை. பர்வீன் என் செயின் சத்தத்தையே தாளமாக வைத்துப் பாட ஆரம்பித்தாள். கல்லெடுத்து அடிக்கத் தோன்றவில்லை.

10.05க்கு ஜமுனாமரத்தூர், போளூரிலிருந்து என் மீட்டரில் 42 கி.மீ. நடுவில் இறங்கியது அந்த ஒரு முறைதான், ஒரு அடிகூடத் தள்ளவில்லை. கடைத்தெருவில் சாமைச் சோறும் கொள்ளுக் கடையலும் ஆளுக்கு 80 ரூபாய். முன்தினம் உதிராத கொள்ளு மேல் இருந்த கோபத்தில் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். பீமன் அருவியில் இந்த மாதத்தில் தண்ணீர் சொட்டுகிறது, அவ்வளவுதான், அருவிக்காக வருபவர்கள் மழை முடிந்ததும் வாருங்கள். அங்கிருந்து காவலூர் வழியாக ஆலங்காயம் இறங்கும் சாலை காட்டுக்குள் நிழலாகவே போகிறது. கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

இரண்டு நாளில் 175 கி.மீ. ஓட்டியதில் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மார்கழி முடிந்து முதல் மழை வரைக்கும் நம் பக்கத்துக்கு மெழுகுதான் ராஜா. பர்வீன் செயின் கடைசி வரை சுத்தம், கடைசி வரை அமைதி. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். பழைய பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவ வேண்டும், ஓர் இரவு காயவிட வேண்டும். காலையில் போட்டுவிட்டு உடனே கிளம்புகிறவர்களுக்கு அது சரிப்படாது. மெல்லிய லூப் மோசமில்லை, நூறு கிலோமீட்டருக்குள் முடியும் பயணத்துக்குப் போதும், நீளமாகப் போனால் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள், இரவே துடைத்துவிட்டுப் போடுங்கள். கெட்டி எண்ணெயை மழைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து முரளி செயினைக் கழுவிய டீசலின் அடியில் ஆற்றுமணல் மாதிரி மண் தங்கியிருந்தது. எந்த லூப்பாக இருந்தாலும் காதை நம்பாமல் தேய்மானத் தகட்டை நம்புங்கள், இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும், அத்திமூரை விட்டால் மேலே போகும் வரை கடையை நம்ப முடியாது. கொள்ளு பரப்பிய இடத்தில் மோர் கொடுத்தாலும் நாலு சுற்று வேண்டாம், இரண்டு போதும்.

மாலை 4.50க்கு எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். டெஸ்ட் முடியும் வரை கை வைக்கக் கூடாது என்பதால் செயின் இன்னும் கத்திக்கொண்டுதான் வந்தது. ரவி சார் எங்கள் வீட்டு வாசலில் புது ஷூவோடு நின்றிருந்தார். தெரு முனையிலேயே சத்தம் கேட்டிருக்க வேண்டும், முகம் சுருங்கியிருந்தது.

"இன்னா மேடம், போன வாரம் இப்படி இல்லியே?"

"இனிமே இப்படித்தான் சார் கத்தும்" என்றேன். "உங்களுக்கு ஆகாது." வண்டியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தேன்.