மைக்கக்காவும் ராசித் தகடும்

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக்கக்கா. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, காணாமல் போன குழந்தை எங்கே அழுதுகொண்டிருக்கிறது என்று வருஷக்கணக்காக ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பவள். கேட்டவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒருவராவது திரும்பி "சரிங்க" என்று சொன்னதில்லை. சொல்லவும் வழியில்லை. அந்த மைக் ஒருவழிப் பாதை.

பதில் சொல்லும் மைக் ஒன்று உலகத்தில் உண்டு என்று தெரிந்த அன்றே அவளுக்கு ஹாம் ரேடியோ பைத்தியம் பிடித்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்தபடி கடல் தாண்டிப் பேசலாம். எந்த வீட்டுப் பெண், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. தேர்வு எழுதினாள், லைசென்ஸ் வாங்கினாள். காற்றில் எல்லோரும் சமம். கோளாறெல்லாம் தரையில்தான். ஊர் ஹாம் கிளப்பில் இருந்த ஒரே ரேடியோ செட்டை ஆண்கள் ஈ மாதிரி மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டுப் பழகுங்க மேடம், பேசறதுக்கு என்ன அவசரம்?" என்பார் செயலாளர்.

பேசியே பிழைக்கிறவளிடம் இப்படிச் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும். கேட்டுக் கேட்டுக் காது பழகியது, பொறுமைதான் பழகவில்லை. சொந்தமாக ஒரு செட்டு வாங்கினால்தான் தன் வாய்க்கு விடுதலை என்று முடிவு கட்டினாள். புதுசு கட்டுப்படியாகாது. போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் தன் பழைய செட்டை விற்கிறாராம். தையற்காரக் கணவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமே.

ஸ்டுடியோக்காரர் அவளுக்கு நாற்காலி போட்டார். விளக்கத்தை மட்டும் கணவரிடம் சொன்னார்.

"பாருங்க சார், நூறு வாட்ஸ். டயல் எவ்வளவு மிருதுவா சுத்துது பாருங்க."

கணவர் டயலை இரண்டு விரலுக்கு இடையில் வைத்துத் துணி பார்ப்பதுபோல் தேய்த்தார். "துவைச்சா சாயம் போகாதே?"

ஸ்டுடியோக்காரர் திருதிருவென்று முழித்தார்.

"லைசென்ஸ் எனக்குங்க. அவருக்கு ஊசி நூலோட சரி," என்றாள் மைக்கக்கா.

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்," என்று அவளிடம் சொல்லிவிட்டு, "மேடம்கிட்ட சொல்லுங்க சார், செட்டு தங்கம்," என்று மறுபடியும் கணவர் பக்கமே திரும்பினார்.

வரைந்த அருவிப் படுதாவுக்கு முன்னால், ஆட்களை உட்கார வைக்கும் ஸ்டூலில் செட்டு உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வழியாக ஏரியல் கம்பி மொட்டைமாடிக்கு ஏறியது. டயலைத் திருப்பினாள். யாரோ ஒருவர் தன் முழங்கால் வலியை இன்னொரு கண்டத்துக்கு விவரித்துக்கொண்டிருந்தார். குரல் தெளிவு. மனசு துள்ளியது. அப்போதுதான் செட்டின் தலையில் இருந்ததைப் பார்த்தாள். கட்டம் போட்டு எண்கள் பொறித்த பித்தளைத் தகடு, ஒற்றைத் திருகாணியில்.

"ராசித் தகடு சார். அதுக்கும் சேத்துதான் விலை. ஒருநாள் செட்டைத் துடைக்கத் தொறந்து மூடினேன், ஊமையாயிடுச்சு. ரொம்ப நாள் அப்படியே கிடந்தது. எண் பாத்து பலன் சொல்றவர் ஒருத்தர் இதைக் கொடுத்தார். மாட்டின நிமிஷம் பேசிடுச்சு!"

மைக்கக்காவுக்குச் சுருக்கென்றது. வருஷத்தின் முதல் அறிவிப்பைப் பெண் குரல் சொன்னால் ராசியில்லையாம். அன்றைக்கு மட்டும் மேலாளர் வந்து மைக்கைப் பிடுங்கி, வண்டியையும் மேடையையும் மாற்றி மாற்றிப் படித்துப் பாதி ஊரைத் தவறான பேருந்தில் ஏற்றிவிட்டுப் போவார். ராசி என்ற சொல் அவள் வாயைத்தான் எப்போதும் அடைத்திருக்கிறது.

"தகடு வேண்டாங்க. கழட்டிடறேன், விலையைக் குறைச்சுக்குங்க."

செட்டை அணைத்து, தகட்டைத் திருகாணியோடு கழற்றி வைத்துவிட்டு மறுபடி போட்டாள். விளக்கு எரிந்தது. முழங்கால்காரரைக் காணோம். இரைச்சல்கூட இல்லை.

"கோவிச்சுக்கிச்சு போல," என்றார் கணவர்.

ஸ்டுடியோக்காரர் செட்டை அணைத்து, தகட்டைத் திரும்ப மாட்டிப் போட்டார். முழங்கால் வலி இடுப்புக்கு ஏறியிருந்தது.

"பாத்தீங்களா சார்! நான் சொன்னா யார் கேக்கறா?"

மைக்கக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. இப்படியே வாங்கினால் தகடு போட்ட பிச்சையில் பேச வேண்டும். வாங்காமல் போனால் கிளப் மூலைதான். தகட்டையே முறைத்துப் பார்த்தாள். செட்டுக்குத் திரும்பிப் போனது ஒரு பொருளா, இரண்டா?

"இன்னொரு தடவை கழட்டறேங்க."

"கழட்டினா வாங்கிட்டுதான் போகணும், பேசினாலும் பேசாட்டியும்," என்று முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார் ஸ்டுடியோக்காரர். "ராசி கெட்ட செட்டை அப்புறம் என் தலையில கட்டக்கூடாது."

கணவர் காதைக் கடித்தார். "நல்லா யோசிச்சுக்கோ. பேசலைன்னா இது மேல இஸ்திரிப் பெட்டிதான் வைக்கலாம்."

"சட்டையை மூடறது பொத்தானா, பொத்தான்ல போட்டிருக்கற பூவா?"

"பொத்தான்தான். நூல் அறுந்திருந்தா?"

"எனக்கும் அதுதான் பயம்," என்றவள், "சரிங்க, வாங்கிக்கறேன்," என்றாள்.

செட்டை அணைத்து, தகட்டைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள். வெறும் திருகாணியை மட்டும் அதே ஓட்டையில் வைத்து முறுக்கினாள். உள்ளே ஏதோ அழுந்தி உட்கார்ந்தது. செட்டைப் போட்டாள்.

இடுப்புக்காரர் இப்போது மருத்துவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"மூடும்போது ஒரு திருகாணியைத் தொலைச்சிருக்கீங்க," என்றாள் மைக்கக்கா. "உள்ள இருக்கற பலகையைப் பிடிச்சு நிறுத்தறதே அதுதான். தகடு மாட்டப் புதுத் திருகாணி போட்டீங்க, பேசிடுச்சு."

ஸ்டுடியோக்காரர் காதைச் சொறிந்தார். "அப்ப அந்த ஆளுக்கு நான் கொடுத்த காசு?"

"ஒரு திருகாணிக்குக் கொஞ்சம் அதிகம்தாங்க," என்று தகட்டை அவரிடமே நீட்டினார் கணவர்.

காலியான இடமாகப் பார்த்து டயலை நிறுத்தி, மைக்கை எடுத்தாள். இது அவள் மைக். லைசென்ஸோடு கிடைத்த தன் அழைப்புக் குறியைச் சொன்னாள். அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் வாயில் வந்தது: "பயணிகளின் கவனத்திற்கு..."

நாக்கைக் கடித்துக்கொண்டு மைக்கின் பொத்தானை விட்டாள். கணவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஒரு குரல், அவள் மொழியிலேயே, சிரித்துக்கொண்டே வந்தது.

"பயணி பேசறேங்க. கப்பல்ல சமையல் வேலை, நடுக்கடல்ல இருக்கேன். சொல்லுங்க, என் வண்டி எந்த மேடைக்கு வருது?"

மைக்கக்கா மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தை அருவிப் படுதாப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்ன சார்," என்று ஸ்டுடியோக்காரர் கிசுகிசுத்தார், "மேடம் சிரிக்கறாங்களா, அழறாங்களா?"

"அவங்களையே கேளுங்க," என்றார் கணவர். "பதில் சொல்லுவாங்க."