சிவப்புத் தொட்டிக்குள் போன கை

சினிமாவில் முகம் காட்டும் ஆசையில் சீனியம்மாள் கிளம்பிப் போனாள் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முத்தாத்தாளிடமும் அதைத்தான் சொன்னேன். எங்கள் லைன் வீட்டுக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவள் கதை அளந்துகொண்டிருந்தாள்.

"அறுவத்திமூணு வயசுல மெட்ராசுக்குப் போய்ப் பேட்டி குடுக்கறாளாமா. குடிகாரப் புருசன் கையை வேக வெச்ச கதையைச் சொல்றதுக்கு இத்தனை மினுக்கா?"

"ராக்கையா குடிச்சு நீ பார்த்தியா?"

"நாம் பார்க்கோணுமாக்கும்? அதான் போன்ல வர்ற வீடியோவுலயே சொல்றாங்களே."

"போன்ல பேசுனவனுக்கு ராக்கையாவைத் தெரியுமா? முப்பது வருசம் எங்க ஊட்டுல குடியிருந்த மனுசன். சாயங்காலமானா டீயும் பன்னும்தான். எனக்குத் தெரியுமா, அவனுக்குத் தெரியுமா?"

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதனால்தான் முழுக்கச் சொல்கிறேன். எனக்கு எழுதத்தான் வராது, சொல்ல வரும்.

சீனியம்மாள் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. பத்தொன்பது வயதில் அனுப்பர்பாளையத்துக்கு அந்தாண்டை ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பாய்லருக்கு விறகு போட்டவர்தான் ராக்கையா. அவரும் அவள் ஊர்ப் பக்கம். தொட்டியில் சாயத்தைக் கொட்டியதும் ஸ்டீம் வால்வைத் திறந்து தண்ணீரைச் சூடாக்க வேண்டும், இல்லையென்றால் சாயம் துணியில் ஏறாது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவள் அந்த வால்வைத் திறப்பாள். மூன்று வருடம் அதே வேலை.

அப்போதுதான் ஒரு கொலைப் படம் எடுக்க ஆட்கள் அந்தப் பட்டறைக்கு வந்தார்கள். கொலைகாரன் துரத்த, கதாநாயகி பட்டறைக்குள் ஓடி வருவாள். அவன் அவள் கையைப் பிடித்துச் சிவப்புச் சாயத்தில் அமுக்குவான். நடிகை மாட்டேன் என்றுவிட்டார். நகத்தில் சாயம் பிடித்தால் ஒரு மாதத்துக்குப் போகாதே! சுற்றிலும் பார்த்துவிட்டுச் சீனியம்மாளைக் கூப்பிட்டு, நடிகையின் வளையல்களைக் கழற்றி இவள் கையில் போட்டார்கள். படத்தில் வருவது அந்தக் கையும் அந்த அலறலும் மட்டும்தான். தியேட்டரில் நானும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளை அழுதுவிட்டது. பச்சைத் தண்ணீர் என்று நினைத்த தொட்டியில் சுடுதண்ணீர் இருந்தது. முழங்கை வரை வெந்துபோயிற்று. அன்றிலிருந்து சேலைத் தலைப்பால் அந்தக் கையை மூடியேதான் வைத்திருப்பாள்.

இப்போது பழைய மர்மப் படங்களை எப்படி எடுத்தார்கள் என்று பேசும் ஒரு சேனல் வந்திருக்கிறது. அந்தப் படத்துக்கு உதவி இயக்குநராக இருந்தவர் அதில் உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

"அது நடிப்பே இல்லைங்க. அங்க ஒரு பாய்லர்காரன், ஃபுல் தண்ணி. ஸ்டீமைத் திறந்துவிட்டுட்டான். அந்தக் குடிகாரன் புண்ணியத்துலதான் இன்னிக்கும் அந்த சீனைப் பேசுறாங்க!"

பேத்தி கவிப்பிரியாதான் போனில் அதைப் போட்டுக் காட்டினாள். சீனியம்மாள் மூன்று தடவை பார்த்தாள். அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் பையன்கள் பிள்ளையிடம், "ஏ பாய்லரு, உங்க தாத்தன் எத்தனை டிகிரியில நிப்பாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளை அழுதுகொண்டே வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அன்றைக்குத்தான் சீனியம்மாள் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, வால்வத் தொறந்தது அவரு இல்ல. நாந்தான்."

"நீ எதுக்குத் தொறந்தே?" என்று கேட்டேன்.

"செவப்பக் கொட்டுனாங்க. எங் கை தானாப் போயி வால்வத் தொறந்துருச்சு. தெனம் செய்யிறதுதானக்கா? அதுக்குள்ள வளையல் போடக் கூப்புட்டாங்க, மூட மறந்தே போனேன்."

விளக்கைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. படத்துக்காகப் புகை போட்டிருந்ததால் தொட்டியிலிருந்து கிளம்பிய ஆவி யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கொலைகாரனாக நடித்தவர் தோல் கையுறை போட்டிருந்தார், அவருக்குச் சூடு உறைக்கவில்லை. இவள் அலறியதை நடிப்பென்று நினைத்து அமுக்கிப் பிடித்திருக்கிறார். ராக்கையா ஓடி வந்து இழுத்த பிறகுதான் கேமராவை நிறுத்தினார்கள்.

யார் திறந்தது என்று முதலாளி கேட்டபோது, "நாந்தான்" என்றாராம் ராக்கையா. அவள் தப்பென்று தெரிந்தால் வைத்தியம் பார்க்காமல் ஊருக்குப் பஸ் ஏற்றிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அவருடைய வேலை போயிற்று. அப்புறம் எந்தப் பட்டறையும் அவரை பாய்லர் பக்கம் விடவில்லை. சாகும்வரை வேஸ்ட் துணி மூட்டையை சைக்கிளில் வைத்துத் தள்ளினார். செய்த பாவத்துக்குத்தான் அவளைக் கட்டிக்கொண்டான் என்று ஊர் பேசியது. அவர் அதையும் பேச விட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

சேனலுக்குப் போன் போட்டுத் தருமாறு கவிப்பிரியாவிடம் கேட்டாள். அந்தக் கைக்காரி கிடைத்துவிட்டாள் என்று அவர்களுக்கு ஒரே குஷி. பழைய உதவி இயக்குநரையும் எதிரில் உட்கார வைக்கிறோம் என்றார்கள். "அம்மா, அந்த அலறலை இன்னொருக்கா அலறிக் காட்டுவீங்களா?" என்று கேட்டான் ஒரு பையன். "வாரேன்" என்று மட்டும் சொல்லிப் பேத்தியிடம் போனைக் கொடுத்தாள் சீனியம்மாள்.

நான் தடுத்தேன், இல்லையென்று சொல்லவில்லை.

"வேண்டாஞ் சீனி. புருசனை நாப்பது வருசம் குத்தவாளியா நிக்க வெச்சவளுன்னு உன்னையத்தான் காறித் துப்புவாங்க."

"துப்பட்டும்க்கா. என்னையப் பேசுனா பதில் சொல்ல நான் உசுரோட இருக்கேன். அவருக்கு யாரு இருக்கா?"



வியாழக்கிழமை காலையில் கிளம்பினாள். கூட வருகிறேன் என்ற கவிப்பிரியாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். சுருங்கிப்போன கை வெயிலில் அப்படியே தெரிந்தது. குழாயடியில் இருந்த முத்தாத்தாள், "எங்க சீனி, சூட்டிங்கா?" என்று கேட்டாள்.

"ஆமா. வாயத் தொறக்கப் போறேன், நீயும் பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டை விட்டுக் கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டு, கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருவாள். சில நாள் இரண்டு தடவைகூட வருவாள். நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். தெருமுனை திரும்பினாள், வரவில்லை.

நான் அவள் வீட்டு அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். சிலிண்டர் மூடித்தான் இருந்தது.