மாரீஸ்வரிக்குக் காட்டாத மஞ்சள் முடிச்சு

உயிருக்குப் போராடிய ஒரு பெண்ணுக்கு அவள் கணவர் கொடுத்தனுப்பிய மஞ்சள் முடிச்சை நான் காட்டவில்லை. காட்டியதாக அவரிடம் பொய் சொன்னேன். அந்த முடிச்சு இன்னும் என் வீட்டு மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

இதோ, சொல்லிவிட்டேன். 'உங்களுக்கு நல்ல மனசுதானே' என்று நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது!

சிவகாசிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆறுதல் பணி. நோயாளியிடம் பேசுவது, விரும்பினால் ஜெபிப்பது, வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கும் உள்ளே கிடப்பவருக்கும் நடுவே போய்வருவது. 'ஜெபக்காரம்மா' என்பார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும் அவர் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவது எவ்வளவு சுலபம்!

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றிக்கொண்டு, நாரணாபுரத்து மாரீஸ்வரி வந்து சேர்ந்தாள். தீக்காய வார்டுக்குள் உறவினர் யாரையும் விடமாட்டார்கள். புண்ணில் கிருமி ஏறிவிடும். முகமூடி கட்டிக்கொண்டு நான் போகலாம். அவளுக்கும் வாசலில் நின்ற அவள் கணவர் கருப்பசாமிக்கும் நடுவே நான் ஒருத்திதான் வழி.

முதல் நாள், ஜெபிக்கட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"ஜெபம் இருக்கட்டும்மா. இருக்கன்குடி ஆத்தாளுக்கு எங்க வீட்டுல காசு முடிஞ்சு வச்சாகளா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

இங்கே ஒருவர் சாகக் கிடந்தால், வீட்டார் மஞ்சள் துணியில் காசு முடிந்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். அப்படி முடிந்து வைக்கவில்லை என்றால்... வீடு அவரைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். 'நான் இன்னும் அவர்களுக்கு வேண்டுமா?' என்பதுதான் அவள் கேள்வி. அது எனக்கு அப்போதே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

ஆனாலும் என் ஜெபத்தை ஒதுக்கிவிட்டாளே என்று சுருக்கென்றது. ஆமாம், அவ்வளவு அற்பமாகத்தான் தொடங்கியது!

வெளியே வந்தால், கருப்பசாமி முடிச்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இத அவகிட்டக் காட்டிருங்கம்மா. பொழச்சு எந்திரிச்சா அவளே தீச்சட்டி எடுப்பான்னு நேந்திருக்கேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! தீயில் வெந்து கிடக்கிறவளுக்குத் தீச்சட்டியா? என்ன மனிதர்கள் இவர்கள்! நேர்ந்துகொள்ள வேறெதுவுமே கிடைக்கவில்லையா? வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வெளித்துணி வார்டுக்குள் போகக் கூடாது என்பது விதி. சரி, துணி வேண்டாம். 'முடிந்து வைத்திருக்கிறார்' என்ற சொல்லில் என்ன கிருமி இருக்கிறது? தீச்சட்டியைப் பற்றி வாயே திறந்திருக்க வேண்டாமே! இத்தனை யோசனையும் பிறகுதான் வந்தது.

இரண்டாம் நாளும் கேட்டாள். "பார்க்கலாம்" என்றேன். மூன்றாம் நாள் மறுபடியும். "சும்மா சும்மா அதையே கேட்காதே. முதலில் கஞ்சியைக் குடி" என்று எரிந்து விழுந்தேன்.

"அப்ப முடிஞ்சு வைக்கல... என்னிய விட்டுட்டாக" என்றாள். அழவில்லை. கஞ்சியையும் குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் போய்விட்டாள்.

எப்படியும் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். நீங்களும் அதைத்தானே சொல்லப்போகிறீர்கள்? சொல்லாதீர்கள்! அவள் சாவுக்கு நான் காரணமில்லை என்று எனக்கும் தெரியும். யாருக்கும் வேண்டாதவளாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே அவள் செத்தாளே... அதற்கு நான்தான் காரணம்.

வாசலில் கருப்பசாமி என் முகத்தையே பார்த்தார். "காட்டுனீகளாம்மா? என்ன சொன்னா?"

"காட்டினேன்ப்பா. சிரிச்சா."

கொஞ்சமும் யோசிக்கவில்லை. நாக்கு தானாகச் சொன்னது. முடிச்சைக் கேட்டார். அது அவளோடே போய்விட்டது என்றேன். அதுவும் பொய்.

வருஷத் தீட்டெல்லாம் கழிந்து வந்த ஆடியில், ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். தீச்சட்டி எடுத்திருக்கிறார்!

"எதுக்குய்யா இது? அவதான் இல்லையே!" என்று கத்தியே விட்டேன்.

"ஊருல அம்புட்டுப் பேரும் அதத்தாம்மா கேக்காக. நேந்தது அவளுக்குத் தெரிஞ்சு போச்சுல்ல? பாத்துட்டுச் சிரிச்சான்னு நீங்கதான சொன்னீக. சிரிச்சவள ஏமாத்தலாமா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தச் சிரிப்பும் அவருக்கு இல்லாமல் போய்விடுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எல்லாம் வெறும் சாக்கு! அவர் முகத்துக்கு நேரே நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆடியிலும் சட்டி எடுக்கிறார். போதும், நிறுத்துங்கள் என்றால் கேட்பதில்லை. எடுத்த கையோடு குங்குமம் கொண்டுவந்து கொடுக்கிறார். முடிச்சுக் கிடக்கிற அந்த மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைக்கிறேன். காபி கொடுக்கிறேன். கொப்புளத்துக்குக் களிம்பு தடவிவிடுகிறேன்.

"அன்னைக்கு எப்படிச் சிரிச்சா? இன்னொருக்கச் சொல்லுங்கம்மா" என்பார்.

சொல்கிறேன்.