துண்டுத் துணிக்கு ஓர் இடம்

அவரை ஆபீசில் யாரும் முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சக்கரம் என்றால்தான் தெரியும். நகராட்சியில் இருபத்தாறு வருஷமாகச் சுகாதார ஆய்வாளர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷன். மேஜைக்கு வந்தால் அரை நிமிஷம் உட்காருவார், எழுந்து ஜன்னலைத் திறப்பார், திரும்ப வந்து மூடுவார். வீட்டில் சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். "தட்டை ஸ்கூட்டர் ஹேண்டில் பார்ல மாட்டிக் குடுத்துடட்டுமா?" என்று அவர் மனைவி கேட்பாள்.

இப்படிப்பட்டவரை ஒரு வாரம் உட்கார வைத்தது அபராத அட்டவணை. குப்பை போடுகிறவனுக்கு எவ்வளவு, லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறவனுக்கு எவ்வளவு என்று புதிதாக நிர்ணயம் செய்து வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று கமிஷனர் சொல்லிவிட்டார். வழக்கமாக இது பத்து நிமிஷ வேலை. பக்கத்து நகராட்சியின் அட்டவணையை வாங்கி, ஒவ்வொரு தொகையிலும் கொஞ்சம் ஏற்றி, தலைப்பை மாற்றினால் தீர்ந்தது. அந்தப் பக்கத்து நகராட்சியும் நம்முடையதைப் பார்த்துத்தான் போட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

சக்கரம் அப்படிச் செய்யவில்லை. தெருவில் துப்புவதிலிருந்து இடித்த கட்டடத்து மண் வரைக்கும் நாற்பது வரிக்கு மேல் எழுதினார். எல்லாவற்றுக்கும் கீழே, தானே யோசித்து ஒரு விதி சேர்த்தார்: கழிவு யாருடையதோ அவரே பொறுப்பு, வேறு ஆளிடம் கொடுத்து அனுப்பினேன் என்று சொல்வது ஏற்கப்படாது.

இந்த விதிக்காக அவர் இருபத்தாறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர். எந்த வாசலில் போய்க் கேட்டாலும் இதே பல்லவி. "எனக்கென்ன தெரியும் சார், வண்டிக்காரன்கிட்டே குடுத்தேன்." வண்டிக்காரனைப் பிடித்தால், "என் குப்பையா சார் அது?" என்பான். நடுவில் குப்பை மட்டும் அநாதையாகக் கிடக்கும். இனிமேல் அந்தக் கதை நடக்காது என்று விதியை மூன்று முறை சத்தம் போட்டு வாசித்துப் பார்த்து, அன்றைக்கு நல்ல பசியோடு வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை, வாய்க்கால் ஓரத்தில் நாலு மூட்டை கிடக்கிறது என்று துப்புரவு மேஸ்திரி வந்து சொன்னாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனார். மூட்டையைப் பிரித்து விலாசம் தேடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கரண்டு பில், மருந்துச் சீட்டு, பார்சல் உறை, எதையாவது ஒன்றைக் குச்சியால் நெம்பி எடுத்துவிடுவார். அன்றைக்கு மூட்டை முழுக்க யூனிஃபார்ம் வெட்டிய துண்டுத் துணி. நீலமும் வெள்ளையுமாகச் சரிந்தது. நடுவிலே ஏழெட்டு அளவுச் சீட்டு.

தோள், கை, நீளம். ஏழு என்ற எண்ணின் இடுப்பில் ஒரு சின்னக் கோடு. உலகத்தில் ஏழுக்கு அரைஞாண் கட்டுகிற ஆள் அவருக்குத் தெரிந்து ஒருத்திதான். அவருடைய அக்கா.

அம்மா போனபோது அவருக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. அன்றைக்குத் தையல் மெஷின் மேல் கால் வைத்தவள், தம்பியைப் படிக்க வைத்து, வேலையில் சேர வைத்து, கல்யாணமும் பண்ணிவைத்தாள். தனக்கென்று ஒன்றும் பண்ணிக்கொள்ளவில்லை. கடைத்தெரு முனையில் ஒரு சின்னக் கடை, இரண்டு மெஷின், அவ்வளவுதான் அவள் சொத்து.

சீட்டுகளைக் கசக்கிப் பாக்கெட்டில் திணித்தார்.

"சார், காகிதம் ஒண்ணும் சிக்கலியா?" என்றாள் மேஸ்திரி.

"ஒண்ணும் இல்ல. அள்ளச் சொல்லு."

அவள் அவர் பாக்கெட்டைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள், ஆட்களைக் கூப்பிடப் போனாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அவர் அங்கேயே நின்றார். மற்றவர்கள் பொய் சொன்னால் மூக்கு விடைக்கிற மனுஷனுக்குத் தான் சொன்ன பொய் ஜீரணமாகவில்லை.

நேரே அக்கா கடைக்குப் போனார். அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"அக்கா, வெட்டுன துணியெல்லாம் எங்கே போடறே?"

"தள்ளுவண்டிக்காரர்கிட்டே குடுக்கறேன். வாரத்துக்கு ரெண்டு தடவை வருவாரு."

"அவர் எங்கே கொண்டு போறாருன்னு கேட்டியா?"

"நீ அரிசி வாங்குற கடைக்காரர்கிட்டே மூட்டை எங்கேருந்து வருதுன்னு கேட்டியா?"

"வாய்க்கால்ல கொட்டறாருக்கா!"

மெஷின் நின்றது. அக்காவின் முகம் விழுந்தது. ஆனால் அவள் வாய் விழுகிற ரகம் இல்லை. "உங்க குப்பை வண்டியில துணி ஏத்தக் கூடாதுன்னு நோட்டீஸ் குடுத்தது யாரு? மூணு வருஷம் முன்னாடி, இதே செவுத்துல ஒட்டிட்டுப் போனியே?"

உண்மைதான். குப்பை அரைக்கிற எந்திரத்தில் துணி சுற்றிக்கொண்டு இரண்டு முறை நின்றுபோனது. துணி எடுக்கவேண்டாம் என்று உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அதற்குப் பிறகு துணி எங்கே போகும் என்று அவர் யோசிக்கவில்லை. எந்திரம் ஓடியது, அவரும் ஓடினார்.

"அப்போ எங்கே போடணும்? சொல்லு, அங்கேயே போடறேன்," என்றாள் அக்கா.

நாற்பது சொச்சம் வரி எழுதியிருந்தார். எங்கே போடக் கூடாது என்பதை ஊரையே சல்லடை போட்டுச் சலித்து எழுதியிருந்தார். எங்கே போடலாம் என்று அதில் ஒரு வரி இல்லை. அக்காவின் கேள்விக்குத் தலையைச் சொறிந்துவிட்டு வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதன்கிழமை அந்த விதியை எடுத்துவிட்டு, கொட்டியவரே பொறுப்பு என்று மாற்றினார். அக்கா தப்பித்தாள் என்று நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தால், தள்ளுவண்டிக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். அந்த ஒற்றை வண்டியைப் பறிமுதல் செய்தால் அவர் எதைத் தள்ளுவார்? வியாழக்கிழமை பழைய விதியைத் திரும்ப எழுதினார். மத்தியானம் அழித்தார். சாயங்காலம் மறுபடி எழுதினார். டைப் அடிக்கிற பெண், "சார், கடைசியா ஒண்ணு சொல்லிடுங்க, விரல் தேயுது," என்றாள். பாக்கெட்டில் சீட்டுகள் அப்படியே இருந்தன. மனைவி சட்டையைத் துவைக்கக் கேட்டபோது கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போனது பழைய விதிதான். அதை வாசித்ததும், ஓட்டல் வைத்திருக்கிற உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "ஆள்கிட்டே குடுத்து அனுப்புன பிறகு எங்களுக்கு என்ன சம்பந்தம்? ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு எழுதினா இப்படித்தான்."

நகராட்சித் தலைவி அம்மாள் ஆய்வாளரைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க."

கேட்டால் மட்டும் அதிகாரிகள் வாய் திறக்க வேண்டிய இடம் அது. கேட்டுவிட்டார்கள். மூன்று நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தது அத்தனையும் வெளியே வந்தது. பாக்கெட்டிலிருந்து சீட்டுகளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"வாய்க்கால்ல கிடந்த மூட்டையில எடுத்தது. எங்க அக்கா கையெழுத்து. பார்த்துட்டு மறைச்சேன், அது என் தப்பு. அவங்களும் ஆள்கிட்டே குடுத்தேன்னுதான் சொன்னாங்க. விதி இருக்கட்டும், அவங்களுக்கும் சேர்த்து இருக்கட்டும். ஆனா துணியை எங்கே போடறதுன்னு நாம யாருக்குமே சொல்லலை. முதல்ல ஒரு இடம் ஒதுக்குங்க. ஃபைனை அப்புறம் ஆரம்பிக்கலாம்."

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். தங்கமான ஆபீசர் என்றார் ஒருவர். ஓட்டல்காரர்கூட வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். அட்டவணை அப்படியே நிறைவேறியது. "இடம் ஒதுக்கறதை அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்," என்றார் தலைவி. "திங்கள்லேருந்து ஃபைன். முதல் ரசீதை உங்க அக்காவுக்கே போடுங்க. பேப்பர்ல வந்தா ஊரே பயப்படும்."

கேட்டது ஒன்று, கிடைத்தது கைதட்டல். கைதட்டலை அவர் எந்த வண்டியில் ஏற்றுவது?

சனிக்கிழமைப் பேப்பரில் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ரசீதுப் புத்தகத்தோடு கடை வாசலில் நின்றபோது அக்கா ஒரு சட்டையின் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பேப்பர் மடித்தபடி மெஷின் மேல் கிடந்தது.

"நான் கட்டிடறேன்க்கா. உன் பேர்ல எழுதறேன், பணம் நான்..."

"என் குப்பைக்கு நான் கட்டறேன். எழுது."

எழுதினார். அவள் டிராயரைத் திறந்து பணத்தை வைத்தாள். ரசீதை வாங்கி, அளவுச் சீட்டு குத்துகிற கம்பியில் குத்தினாள்.

"சபையில நீ சொன்னது சரிதான்," என்றாள். "ஒரு வார்த்தை தப்பில்ல. ஆனா செவ்வாய்க்கிழமை இங்கே வந்தே. புதன், வியாழன் ரெண்டு நாளும் சும்மாதானே இருந்தே? அக்கா, சபையில உன்னைச் சொல்லப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே உன்கூட வந்து நின்னிருப்பேனேடா. யூனிஃபார்ம் வாங்க வந்த ஒரு அம்மா படிச்சுக் காட்டித்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது வயசு தாண்டியவருக்குப் பட்டப்பகலில், கடைத்தெருவில். வாய்க்காலில் சீட்டை மறைத்தது அவளுக்காக, சபையில் எடுத்து வைத்தது நியாயத்துக்காக என்று நினைத்திருந்தார். இரண்டு தடவையும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தப்புதான்க்கா," என்றார்.

அவள் மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையைக் காலால் நகர்த்தினாள். அதன் பின்னால் இன்னொன்று. "வண்டிக்காரரை இனிமே வரவேண்டாம்னுட்டேன். நீ எடுத்துட்டுப் போ."

அவர் இரண்டையும் ஸ்கூட்டரில் ஏற்றிக் கட்டினார்.

"எங்கே கொண்டு போறே?"

"தெரியலக்கா. கமிஷனர் ரூம்ல இறக்கிட்டு, இடம் சொல்ற வரைக்கும் எடுக்க மாட்டேன்னு சொல்லப்போறேன்."

"சொல்லு," என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "சொல்லிட்டு, அவர் என்ன சொன்னாருன்னு முதல்ல எங்கிட்டே வந்து சொல்லு."